முப்பது செக்கன்

கால்வாய் களனியில் விழும் இடத்தில்
நாலடி உயரத்துக்கு ஒரு தண்ணீர்ச் சரிவு.
அருவி என்று அதைக் குறித்து வைத்திருப்பவள்
கொழும்பில் நான் ஒருத்திதான்.
பக்கத்தில் கூரையில்லாத நூல் ஆலை.
யன்னல் வளைவுகளில் அரசங்கன்று.
புகைபோக்கி சரிந்தது எந்த வருடமென்று
இருவரைக் கேட்டேன்,
இரண்டு வருடம் சொன்னார்கள்.

ஐந்தே முக்கால்.
கிராண்ட்பாஸ் பக்கம் பஸ் ஒன்று
ஹோர்ன் அடித்துப் போகிறது.
முக்காலியின் ஒரு கால் சேற்றில்,
ஒரு கால் உடைந்த அத்திவாரத்தில்,
மூன்றாவது
நான் கழற்றி வைத்த செருப்பின் மேல்.
வில்லைக்கு முன் கறுப்புக் கண்ணாடியைத் திருகினால்
விடிந்தது விடியாததாகிவிடும்.
ஒருமுறை கண் சிமிட்ட
முப்பது செக்கன் எடுக்கும் பிராணி
அதன் பிறகு என் கையில்.

அது பார்ப்பது வேறு ஊர்.
ஷொப்பிங் பை, யோகட் கப்,
மேலே எங்கோ சாயப் பட்டறை விட்ட நீல நுரை
எல்லாம் கரைந்து
ஒரே வெள்ளையாய் இறங்குகிறது.
பால் போல என்று சொல்ல மாட்டேன்,
நாற்றம் தெரிந்தவள் நான்.
பஞ்சு என்று வேண்டுமானால் சொல்லலாம்.
இந்தச் சுவருக்குள் முன்பு
அதைத்தானே இழுத்து நூலாக்கினார்கள்.

நடப்பவர் எவரும் இதில் விழுவதில்லை.
பாண் வாங்கப் போன பெண் இல்லை,
சைக்கிள் இல்லை.
கொக்கு பாதி.
தூண்டில்காரர் முழுசாக,
மீன் அகப்படாத நாள் அவருக்கு.
சங்கு ஊதியதும் வாசலால் கொட்டிய
அத்தனை பேரையும்
இந்தக் கெமராவிடம் அன்று கொடுத்திருந்தால்
வெறும் வாசலைத்தான் திருப்பித் தந்திருக்கும்.

இருபத்தோராவது செக்கனில்
டோர்ச் வெளிச்சத்தோடு ஒருவன்
சட்டகத்துக்குள் வருகிறான்.
"மெத்தன பொட்டோ பே."
என் கை பையில் அடையாள அட்டையைத் தேடுகிறது.
இந்த நகரத்தில்
அதற்கு முதலில் பழகிய அசைவு அதுதான்.
பெயரை வாசித்தான். டோர்ச்சைத் தாழ்த்தினான்.
"தமிழா நீங்க?"

சட்டையில் தைத்திருந்தது லோகேஸ்வரன்.
பொகவந்தலாவையிலிருந்து வந்து ஐந்து மாதம்,
பன்னிரண்டு மணித்தியால இரவுகள்.
"அழிச்சிருங்க அக்கா.
நான் அதுல விழுந்திருந்தா
ஏன் விட்டேன்னு கேப்பாங்க."

திரையைக் காட்டினேன்.
சுவர். வெள்ளை. தூண்டில்காரர்.
இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு,
டோர்ச் நடந்து வந்த வழி.
கனநேரம் பார்த்தான்.
"ஆளே இல்லியே."
நிம்மதியா, வேறு ஏதாவதா,
அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.
"இதுக்கா இம்புட்டு?
எங்க டிவிசனுக்கு மேல ஒண்ணு விழுது.
பக்கத்துல நின்னா பேச்சுக் கேக்காது.
அதுக்குப் பேரும் இல்ல,
படம் எடுக்க யாரும் வந்ததும் இல்ல."

ஆறரைக்கு மாற்று ஆள் வருவான்.
தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டான்.
"அசையாம நின்னா விழுவேனா?"

சுவரோரம் நின்றான்.
நான் வாய்விட்டு எண்ணினேன்.
பதினொன்றில் ஒரு நுளம்பு,
கன்னத்தில் கடிக்க விட்டான்.
பத்தொன்பதில் அவன் போன் அடித்தது.
ஆலைக்குள் அது எதிரொலித்து ஓயும்வரை
கை நீளவில்லை.

சப்பாத்து தெளிவு. பெல்ட் தெளிவு.
அவனுக்குப் பின்னால் செங்கல்
ஒவ்வொன்றாய் எண்ணலாம்.
முகம் மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது.
"மூச்சு விட்டுட்டேன்."
இன்னொன்று எடுப்போம் என்றேன்.
வேண்டாம், இதுவே போதும் என்று
வட்ஸ்அப் நம்பரைச் சொன்னான்.

"பின்னால வெள்ளையா விழுதே
எந்த அருவின்னு கேப்பாங்க வீட்டுல.
கொழும்புலயும் ஒண்ணு இருக்குன்னு
சொல்லிக்கிறேன்."